சைபர் பில் உமாதேவி

வல்லம் வடகாலில் உமாதேவியின் வீடு எது என்று கேட்டால் யாரும் தெருப்பெயர் சொல்ல மாட்டார்கள். "சைபர் பில்லு வூடா?" என்று கேட்டுவிட்டுக் கை காட்டுவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின்வாரியத்து ஆள் வந்து மீட்டரைப் பார்ப்பார். எல்லா வீட்டுக்கும் இலவசமாகக் கிடைக்கிற நூறு யூனிட்டை அவள் வீடு ஒருநாளும் தாண்டியதில்லை. கட்ட வேண்டிய தொகை சைபர். அதை அவள் ஒலிம்பிக்கில் வாங்கிய பதக்கம் மாதிரி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அந்தச் சைபர் சும்மா வந்துவிடவில்லை. கோபத்தால் வந்தது. ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் உமாதேவிக்கு உச்சந்தலையில் எரியும். மகளைக் குன்றத்தூரில் கட்டிக்கொடுத்த புதிதில் மாப்பிள்ளை விருந்துக்கு வந்தார். பாதிச் சாப்பாட்டில் தண்ணீர் எடுக்க எழுந்து போனவர் திரும்பி வருவதற்குள் அவர் தலைக்கு மேல் ஓடிய மின்விசிறியை நிறுத்திவிட்டாள். அந்தக் கதை சம்பந்தி வீட்டில் இன்னும் ஓடுகிறது. வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. தோசைமாவுப் பாத்திரத்தைத் தண்ணீர் நிறைந்த மண்சட்டியில் இறக்கி வைப்பாள். தெருவில் முதன்முதலாகக் குண்டு பல்பைக் கழற்றி எறிந்தவளும் அவள்தான்.

கோபப்பட வேறு காரணமும் இருந்தது. தொழிற்பேட்டைக்கு நிலம் போனபோது கிடைத்த பணத்தில் சுவர் எழுந்தது. சுவரோடு பணம் தீர்ந்தது. தளம் போட வழியில்லாமல் மேலே சிமெண்ட் ஷீட்டைக் கவிழ்த்தார்கள். அப்போது வீட்டின் மேற்குப் பக்கம் ஒரு வேப்பமரம் நின்றதால் ஷீட்டுச் சூடு தெரியவில்லை. பிறகு கண்டெய்னர் லாரி திரும்ப இடம் போதவில்லை என்று சாலையை அகலமாக்கினார்கள், மரம் போயிற்று. அன்றிலிருந்து வெயில் நேரே ஷீட்டில் இறங்கி, வீடு இட்லிச்சட்டியாகிவிட்டது.

அந்தச் சட்டியில் பகலெல்லாம் வேகிறவர் அவள் கணவர் பச்சையப்பன். ஒரகடத்தில் ஒரு பெரிய கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். நிரந்தர நைட் ஷிப்ட். காலையில் வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்க வேண்டும். ஆனால் பத்து மணிக்கே ஷீட் காய்ந்துவிடும். மின்விசிறி மேலே இருக்கிற சூட்டை எல்லாம் வாரி அவர் மார்பில் கொட்டும். பாவம், அதிகம் பேசாத மனுஷன். ஈரத் துண்டைப் போர்த்திக்கொண்டு கிடப்பார். கண் சிவந்திருந்தால் கிடங்கில் தூசி என்பார். உமாதேவியும் நம்பினாள். அவள் பகல் ஷிப்டுக்குப் போகிறவள். வார விடுமுறையிலும் ஓவர்டைம், மகள் வீடு என்று போய்விடுவாள். வீடு வேகிற நேரத்தில் அவள் வீட்டில் இருந்ததே இல்லை.

அவளுக்குக் கார்களுக்கு வயர் கட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. மார்ச் மாதக் கடைசியில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எச்.ஆர். அதிகாரி ஜெபகுமார் மைக்கோடு கேன்டீனுக்கு வந்தார். பூமி சூடாகிறதாம். அதனால் தொழிலாளர் வீடுகளில் மின்சிக்கனப் போட்டியாம். ஏப்ரல், மே பில்லையும் ஜூன், ஜூலை பில்லையும் ஒப்பிட்டுப் பார்த்து, யார் வீட்டில் அதிக யூனிட் குறைந்திருக்கிறதோ அவர்களுக்கு முதல் பரிசு. அதிகாரி முதல் காண்ட்ராக்ட் ஆள்வரை யாரும் சேரலாம். ஒரு கடைக்காரர் அன்பளிப்பாகக் கொடுத்த ஐந்து நட்சத்திர ஏசிதான் அந்தப் பரிசு.

மின்சாரத்தை மிச்சம் பிடித்தவனுக்கு ஏசி பரிசு. குடியை விட்டவனுக்கு ஒரு புட்டி கொடுத்து மாலை போடுகிற புத்தி இது. ஆனால் அது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. உமாதேவிக்கும் உறைக்கவில்லை. பச்சையப்பன் போர்த்திக் கிடக்கிற ஈரத் துண்டுதான் அவளுக்கு முன்னால் வந்து நின்றது. கையை உயர்த்தினாள்.

"சார், எங்க வூட்ல நூறே தாண்டறதில்ல. நான் எதுலேர்ந்து கொறைக்கறது?"

ஜெபகுமார் சிரித்தார். "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணுங்கம்மா. சிறுதுளி பெருவெள்ளம்."

அன்று மதியம் அவள் கட்டிய வயர்க் கட்டெல்லாம் கழுத்தை நெரித்த மாதிரி இறுகியிருந்தது. எத்தனை வருஷமாகச் சொட்டுச் சொட்டாய்ச் சேர்த்தவள் அவள். அவளைப் பார்த்துச் சிறுதுளியாம். அள்ளி இறைத்தவன் கொஞ்சம் குறைத்தால் பரிசு, இறைக்காதவளுக்கு உபதேசம்.

பக்கத்து இருக்கையில் வேலை செய்த கனிஷ்காதான் வழி சொன்னாள். சாத்தான்குளத்துப் பக்கத்துப் பெண், சுங்குவார்சத்திரத்தில் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள்.

"யக்கா, டைம் ஸ்டடிக்கு நாம என்ன செய்யுதோம்? அதையே வீட்டுல செய்ங்க."

டைம் ஸ்டடி என்றால் என்ன என்று லைனில் நிற்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கையில் ஸ்டாப்வாட்ச்சோடு ஓர் இன்ஜினீயர் வந்து பின்னால் நிற்பார். ஒரு கட்டு முடிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறிப்பார். அன்றைக்கு யார் வேகம் காட்டுகிறாளோ அவளால் மொத்த லைனும் நாசம். மறுநாளிலிருந்து அந்த வேகம்தான் எல்லோருக்கும் டார்கெட். அதனால் இன்ஜினீயர் தலை தெரிந்ததும் எல்லாக் கையும் நோய் கண்ட கையாகிவிடும். டேப் நழுவும், கிளிப் மாட்டாது. அவர் போன பிறகு கை தானாக வேகம் பிடிக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவளுக்கு லைனில் முதலில் சொல்லிக்கொடுக்கிற பாடமே இதுதான். யாரும் இதைப் பொய் என்று நினைப்பதில்லை.

"அவுக முதல் பில்லை வச்சுத்தானே கணக்குப் பாக்காவ? முதல்ல ரெண்டு மாசம் எரிச்சுத் தள்ளுங்க. பொறவு நிப்பாட்டுங்க. ஏசி உங்க வீட்டுக்கு வந்துரும்."

"நீயும் சேர வேண்டியதுதான?"

"நாங்க எட்டுப் பேரு ஒரு ரூம்ல கெடக்கோம். மீட்டரு ஓனர் பேர்ல. எனக்கு எங்க பில்லு இருக்கு?"

இரண்டே நாளில் இந்த யோசனை லைன் முழுக்கப் பரவிற்று. ஒருத்தி வீட்டில் காயாத துணிக்கே இஸ்திரி போட்டாள். இன்னொருத்தி ஆளில்லாத வீட்டில் டிவியை ஓடவிட்டு வேலைக்கு வந்தாள். பூமியின் சூட்டைக் குறைக்கப் போட்ட போட்டி, ஒரகடத்தைச் சுற்றி இருந்த இருநூறு வீட்டு மீட்டரை ஏப்ரலில் பம்பரமாகச் சுற்ற வைத்தது. கேன்டீன் சுவரில் பச்சை மரம் போட்ட போஸ்டர் மட்டும் புன்னகையோடு தொங்கியது.

உமாதேவி தம்பி ஜெகதீஷிடம் போனாள். சுங்குவார்சத்திரத்தில் சின்ன லாட்ஜ் நடத்துகிறான். இரண்டு வருஷத்துக்கு முன்பே அவன் தன் லாட்ஜிலிருந்து ஒரு ஏர்கூலரைத் தூக்கி வந்து, "மாமாவுக்கு வச்சிக்கோ" என்றான். "என் பில்ல ஏத்த வந்தியா" என்று கத்தி அவனையும் கூலரையும் ஒரே ஆட்டோவில் திருப்பி அனுப்பியவள் இவள். இப்போது போய், "அந்தக் கூலரு கீதா?" என்று கேட்டாள். தம்பி நல்லவன். பழசைக் கிளறாமல் ஏற்றிவிட்டான்.

பட்டப்பகலில் வாசல் விளக்கை எரியவிடுவதுதான் அவளுக்கு முதலில் முடியாமல் போயிற்று. சுவிட்சைப் போட்டுவிட்டு நாலடி நடப்பாள், கை துறுதுறுக்கும், திரும்பி வந்து அணைப்பாள், நினைவு வந்து மறுபடியும் போடுவாள். தன் வீட்டில் தானே திருடுகிற மாதிரி இருந்தது. "நாசமாப் போற போட்டி" என்று சுவிட்சைத் திட்டினாள்.

கூலர் விஷயம் வேறாக இருந்தது. முதல் வார விடுமுறையில் அவள் மதியம் வீட்டில் இருந்தாள். கத்திரி பிறக்கும் முன்பே வெளியே வெயில் கொளுத்தியது. பச்சையப்பன் கூலருக்கு எதிரே வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். கை ஒருபக்கம், கால் ஒருபக்கம். ஈ உட்கார்ந்தது கூடத் தெரியவில்லை. சாயங்காலம் எழுந்தவர் முகம் கழுவி வந்து, யாரும் கேட்காமலே பேசினார். கிடங்கில் நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லித் தானே சிரித்தார். உமாதேவி டீயைக் கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"இன்னா இப்டி தூங்கன?"

"அந்த மரம் போனப்பறம் இப்பதான் தூங்கறேன்."

"அடப்பாவி மனுஷா. இத்தினி வருசமா ஏன்யா சொல்லல?"

"நீதான் சைபரு சைபருன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தியே. எப்டி சொல்றது?"

உமாதேவிக்கு வந்த கோபம் போக இடம் தெரியாமல் வீட்டைச் சுற்றி வந்தது. அவர்மேல் கொஞ்சம் எறிந்து பார்த்தாள், அங்கே ஒட்டவில்லை. அது அவள்மேலேயே வந்து விழுந்தது. மே மாதக் கடைசியில் அந்த வீட்டுக்கு முதன்முதலாகத் தொகை போட்ட பில் வந்தது. நாலு பேர் பிரியாணி சாப்பிடுகிற காசுதான். இதற்காகவா ஒரு மனுஷனை இத்தனை வருஷம் வறுத்தோம் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

ஜூன் பிறந்ததும் கூலரை நிறுத்திப் பழைய புடவையால் மூடினாள். இரண்டே மாதம். பிறகு ஏசி வந்துவிடும். அவர் தூங்குகிற வேளைக்கு ஓடவிட்டால் போதும், பில் வந்தால் கட்டிக்கொள்ளலாம். பச்சையப்பனும் சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டார். கல்யாணத்துக்கு நாள் பார்த்தவன் மாதிரி காலண்டரைப் பார்த்தார்.

அந்த வருஷம் கத்திரி முடிந்தும் வெயில் முடியவில்லை. தூக்கத்தின் ருசி தெரியாத வரை அந்த உடம்பு எப்படியோ சமாளித்திருந்தது. ருசி கண்ட பிறகு அது அடங்க மறுத்தது. புரண்டார். எழுந்து உட்கார்ந்தார். முற்றத்தில் தண்ணீர் தெளித்துப் படுத்தார், லாரிச் சத்தத்தில் திரும்பி வந்தார். இருந்த நாலு வார்த்தையும் நின்றுவிட்டது. ஜூலையில் ஒரு நாள் காலை அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரம் வீட்டுக்கு வந்தார்.

ஃபோர்க்லிஃப்டை ஓட்டிக்கொண்டே கண் அயர்ந்துவிட்டதாம். வண்டி போய் அட்டைப்பெட்டி அடுக்கில் இடித்தது. அடுக்கு சரிந்தது. அந்தப் பக்கம் நின்ற பையன் ஓர் எட்டு முன்னால் நகர்ந்திருந்ததால் பிழைத்தான். கிடங்கில் பச்சையப்பனிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டு, மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். ஐம்பதைத் தொடுகிற ஆள்.

உமாதேவி கூலர்மேல் இருந்த புடவையை உருவப் போனாள். பச்சையப்பன் அவள் கையைப் பிடித்தார்.

"இன்னும் பத்து நாளுதான். இப்ப போட்டா ரெண்டு மாசம் வெந்ததும் வீணாப்பூடும். வுடு உமா."

விட்டாள். அந்தப் பத்து நாளும், முடிவு தெரியட்டும் என்று அவர் தடுத்த அடுத்த சில நாளும், அவள் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தாள்.

ஆகஸ்ட் பதினைந்து கொடியேற்றி மிட்டாய் கொடுத்த பிறகு கம்பெனி வளாகத்தில் பந்தல் போட்டு முடிவைச் சொன்னார்கள். முதல் பரிசு, ஆலைத் தலைமை அதிகாரி நரசிம்மன். அவர் வீட்டில் ஆயிரம் யூனிட்டுக்கு மேல் குறைந்திருந்தது. என்ன செய்தார் என்றால், ஒன்றும் செய்யவில்லை. மகள் பிரசவத்துக்குக் குடும்பத்தோடு வெளிநாடு போயிருந்தார். இரண்டு மாதமும் வீடு பூட்டிக் கிடந்தது. அதை ஜெபகுமாரே மைக்கில் சிரித்துக்கொண்டு சொன்னார். நரசிம்மனும் கூச்சத்தோடு கையைக் கூப்பினார். அவர் வீட்டில் ஏற்கெனவே ஐந்து ஏசி. பழம் நழுவிப் பாலில் விழுவது என்பார்களே, அது எப்போதும் அவர்கள் வீட்டுப் பாலில்தான் விழும்.

"ரெண்டாம் பரிசு, வயரிங் லைன் உமாதேவி."

அவள் மேடை ஏறினாள். இரண்டு எல்இடி பல்பு, ஒரு துணிப்பை, நெகிழிப்பையில் மண்ணோடு ஒரு வேப்பங்கன்று. கன்றைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு இல்லை. ஜெபகுமார் மைக்கை அவள் வாயருகே நீட்டினார்.

"அம்மா, எப்படி மிச்சம் பிடிச்சீங்க? எல்லாருக்கும் ரெண்டு டிப்ஸ் சொல்லுங்க."

கீழே லைன் பெண்கள் மூச்சை அடக்கினார்கள். இவள் வாய் திறந்தால் டைம் ஸ்டடி கதையும் சேர்ந்து வெளியே வந்துவிடுமோ என்று கனிஷ்கா கும்பிடுகிற மாதிரி கையைச் சேர்த்து வைத்திருந்தாள். உமாதேவி அவர்களைப் பார்த்தாள். பிறகு நரசிம்மனைப் பார்த்தாள்.

"சாரு வூட்டப் பூட்டி வச்சி மிச்சம் பண்ணாரு. நானு என் வூட்டுக்காரரத் தூங்கவுடாம மிச்சம் பண்ணேன். அவருக்கு நைட் ஷிப்டு. ஷீட்டு வூடு. வண்டி ஓட்டறப்ப கண்ணசந்து, ஒரு புள்ள சாவப் பாத்துது. இப்ப மூட்ட தூக்கறாரு. அதுக்குத்தான் இந்த பல்பு." ஜெபகுமார் பக்கம் திரும்பினாள். "பிளாஸ்டிக் ரீல் வைக்கற குடோனு கூரைக்கு வெள்ள பெயிண்டு அடிச்சீங்களே சார், சூட்ல ரீலு எளகிப்பூடும்னு. அதுல மிச்சம் இருந்தா எங்க வூட்டு ஷீட்டுக்குக் குடுங்க. எனக்கு வேற டிப்ஸ் தெரியாது."

யாரோ பழக்கதோஷத்தில் கை தட்டி, தனியாகத் தட்டுவது தெரிந்ததும் நிறுத்தினார்கள். நரசிம்மன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெபகுமார், "கண்டிப்பா பார்க்கலாம்மா" என்று மைக்கை வாங்கிக்கொண்டு தேசிய கீதத்துக்கு எல்லோரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்தவள் கூலரை மூடியிருந்த புடவையை உருவி எறிந்து, தண்ணீர் ஊற்றிப் போட்டாள். படுத்திருந்த பச்சையப்பன் தலையைத் தூக்கி, "இன்னா ஆச்சி?" என்றார்.

"ஒண்ணும் ஆவல. தூங்குயா."

"பில்லு ஏறும்."

"ஏறட்டும். சைபருக்குத் தீ வைக்க."

பெயிண்ட் வரவில்லை. அது வரும் என்று அவளும் நினைக்கவில்லை. ஆனால் மேடையில் தன் வாயிலிருந்து வந்த சொல் அவளை விடவில்லை. ரீலுக்கு வெள்ளை அடித்தால் ஆறுமானால் மனுஷனுக்கு ஆறாதா? பொங்கலுக்குப் பொங்கல் சுவருக்கு அடிக்கிறோம், வெயில் விழுகிற இடம் கூரை, அதை அம்போ என்று விட்டுவிடுகிறோம். தன்னையே இப்படிக் கேட்டபோது வெட்கமாக இருந்தது. வெட்கமும் அவளுக்குக் கோபமாகத்தான் வரும். கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி ஊறவைத்து, துணியில் வடிகட்டி, மழையில் கரையாமலிருக்கப் பசை கலந்தாள். ஷீட்மேல் ஏறினால் உடைந்துவிடும். வார விடுமுறையில் கனிஷ்கா வந்து ஏணியைப் பிடித்துக்கொள்ள, நீளக் கழியில் வெள்ளையடிக்கிற மட்டையைக் கட்டி, ஒரு பக்கம் முடித்து ஏணியை நகர்த்தி மறுபக்கம் என்று கூரை முழுக்க இரண்டு தடவை பூசினாள். கையெல்லாம் வெந்துபோயிற்று.

"யக்கா, கொஞ்சம் மெதுவா அடிங்க. டார்கெட்டை ஏத்திரப் போறாவ."

"எவன் ஏத்துவான், வரச் சொல்லு."

புரட்டாசியில் பொன்னுருகக் காயும் என்பார்கள். அந்தப் புரட்டாசியும் அப்படித்தான் காய்ந்தது. வெள்ளைக் கூரைக்குக் கீழே சுவரைத் தொட்டுப் பார்த்தால் பழைய கொதிப்பு இல்லை. உச்சி வெயிலில் மட்டும் கூலரை ஓட்டினால் போதும் என்றாயிற்று. அந்த முறை பில் நூற்றைத் தாண்டிக் கொஞ்சம் மேலே போய் நின்றது. உமாதேவி அதைக் கட்டிவிட்டு யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. பச்சையப்பனை மறுபடி வண்டி ஓட்டவைத்துப் பார்ப்பதாகக் கிடங்கில் சொல்லியிருந்தார்கள். தெருவில் மேலும் மூன்று வீட்டுக் கூரை வெளுத்திருந்தது.

ஒரு மதியம், அவள் விடுமுறையில் இருந்தபோது, ஜெபகுமார் போன் செய்தார். குரல் தேனாக ஒழுகியது.

"அம்மா, உங்க வீட்டுக் கூரைய வெள்ளை பண்ணிட்டீங்களாமே. எம்.டி. கேள்விப்பட்டு ரொம்ப சந்தோஷப்பட்டார். நம்ம கம்பெனியோட பசுமை மலர்ல முதல் பக்கத்துல போடறோம். நம்ம போட்டியாலதான் இந்த மாற்றம்னு நீங்க ரெண்டு வரி சொன்னா போதும். போட்டோகிராபர் வாசல்லதான் நிக்கறார். உள்ள வந்து நாலு படம் எடுத்துக்கலாமா?"

உமாதேவி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். கம்பெனி பனியன் போட்ட ஒருவன் கேமராவோடு கதவைத் தட்டக் கை ஓங்கியிருந்தான். நாக்கு நுனிவரை என்னென்னவோ வந்தது. வேப்பமரத்தில் தொடங்கி ஏசியில் முடிகிற வசவு, ஒரு மணி நேரத்துக்குக் காணும். உள்ளே பச்சையப்பன் புரண்டு படுக்கிற சத்தம் கேட்டது. அவள் வசவை எல்லாம் விழுங்கினாள். கதவைத் திறந்து, வந்தவன் கை விழுவதற்குள் அதைப் பிடித்துக்கொண்டாள். போனில் அவள் சொன்னது அவனுக்கும் கேட்டது. அத்தனை தாழ்ந்த குரலில் அவள் பேசி அந்தத் தெரு கேட்டதில்லை.

"போவச் சொல்லு சார். மனுஷன் தூங்கறாரு."